சுவரை இழுத்த விருந்தாளிகள்

ஊருணிக்கரைக் கருவேலங்காட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று நின்றது. பாம்புப் புற்று என்று ஊரார் சொல்வார்கள். பாம்பு பிற்பாடு வந்து படுக்கிற சோம்பேறி. கட்டியது கறையான்.

அந்தப் புற்று மூச்சு விடும். நம்பாதவர்கள் எழுந்து போகலாம். உச்சியிலிருந்து அடிவரை அதற்கு ஒரு காற்றுக்குழல் உண்டு. வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே போகும், உள்ளே இருக்கும் சூடு வெளியே வரும். அடியாழத்தில் தாயறை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுவர், அதற்குள் தாய்க் கறையான். எப்போது மண் எடுப்பது, எப்போது தண்ணீருக்குத் தோண்டுவது, எல்லாம் அவளிடமிருந்துதான் வரும். அவள் போனால் புற்று வெறும் மண்.

காற்றுக்குழலைப் பெருக்குகிறவள் பெயர் காத்தாயி. கறையானுக்குக் கண் இல்லை. காலும் மூக்கும்தான் கண். காத்தாயி எச்சிலால் சுவரை ஈரமாக வைப்பாள். வருகிற தூசி ஈரத்தில் ஒட்டும். ஒட்டியதைக் கால்மயிரால் மேலே மேலே தள்ளி, உச்சி வாசலுக்கு வெளியே கொட்டுவாள். திரும்பி வருவதற்குள் அடுத்த தூசி வந்திருக்கும். பிறந்ததிலிருந்து இதுதான். ஆறு காலும் ஓயாமல் வலிக்கும்.

பக்கத்தில் செம்பி என்று ஒருத்தி. வேலையைவிட வாய் அதிகம்.

"ஏண்டி செம்பி, நின்னுட்டு என்ன பண்றே?"

"மூச்சு வாங்குறேன்க்கா!"

"புத்தே மூச்சு வாங்குது. உனக்குத் தனியா வேற வேணுமா? தள்ளு!"

பொழுது சாயும்போது சுவர் குளிரும். அப்போது காத்தாயி தலையால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாள். 'வாசல் சுத்தம்' என்று அர்த்தம். அடியாழத்திலிருந்து தாய் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். 'தூங்கு' என்று அர்த்தம். அது கேட்ட பிறகுதான் காத்தாயிக்கு உடம்பு தளரும். நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவாள். தாயை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. அந்த ஒரு தட்டுதான் அவளுக்குத் தாய்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பூச்சு வேலைக்காரர்களிடம் ஒரு சட்டம் உண்டு; குழலில் பூச்சும் காத்தாயி வேலைதான். 'சுவர் இழுத்தால் மண் கொடு.' கருவேல வேர் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். அதன் மயிர்வேர் சுவரைப் பிடித்து இழுக்கும். உடனே சுற்றிப் பூசாவிட்டால் சுவர் பெயர்ந்து விழும். அதனால் சுவரில் எங்கே இழுப்புத் தெரிந்தாலும், அங்கே நாலு உருண்டை மண். கேள்வி கிடையாது. யோசித்துக்கொண்டு நின்ற பாட்டன் பூட்டன் புற்றெல்லாம் மழையில் கரைந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள்.

ஒரு நாள் ஊருணிக்கு அக்கரையிலிருந்த புற்று இருமியது. அதற்குள் என்ன சங்கடமோ. அந்த ஈரக்காற்றில் ஒரு துளி பறந்துவந்து காத்தாயியின் சுவரில் ஒட்டியது. துளிக்குள் இரண்டு பூச்சிகள் இருந்தன. தூசியைவிடச் சின்னவை, ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிப் பிறந்தவை. மேலே வழுவழுவென்று ஒரு போர்வை.

காத்தாயி காலை வைத்தாள். வழுக்கியது.

"யாருடா அது?"

"விருந்தாளிங்க தாயீ! நான் மினுக்கன்!"

"நான் முணுக்கன்!"

"என்ன வேணும்?"

"ஒண்ணுமே வேணாம். உங்க எச்சில்ல துளி இனிப்பு இருக்கு. அதை நக்கிக்கிட்டு..."

"...ஒரு ஓரமாக் கிடப்போம்!"

"இங்க யாரும் கிடக்க முடியாது. தள்ளுறதுதான் என் வேலை."

தள்ளினாள். இருவரும் சட்டென்று போர்வையைக் கழற்றினார்கள். உடம்பிலிருந்து நூல் நூலாக எறிந்தார்கள். நுனியில் கொக்கி. கொக்கி சுவரில் மாட்டியதும் நூலைச் சுருட்டி இழுத்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். காத்தாயி மறுபடி தள்ளினாள். அவர்கள் மறுபடி எறிந்தார்கள். எறி, மாட்டு, இழு. எறி, மாட்டு, இழு.

சுவர் இழுபட்டது.

அவ்வளவுதான். காத்தாயி யோசிக்கவில்லை. அவள் வாய் தானாக மண்ணை உருட்டியது, கால் தானாகப் பூசியது. நாலு உருண்டை. முடித்த பிறகு தொட்டுப் பார்த்தாள். விருந்தாளிகளைச் சுற்றி, குவித்த உள்ளங்கை மாதிரி ஒரு திட்டு. இனி காற்றும் அவர்களை அடிக்காது, காலும் எட்டாது.

செம்பி விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அக்கா, துரத்தச் சொன்னா வீடு கட்டிக் குடுத்திருக்கே!"

"இழுத்துச்சு, குடுத்தேன்."

"அது வேராக்கா?"

"வேரோ வேர்க்கடலையோ! இழுத்தா மண்ணு. இதைக்கூடவா உனக்குச் சொல்லணும்? போடி, வேலையைப் பாரு."

காவல்காரன் கொம்பன் மோப்பம் பிடிக்க வந்தான். தலை பெரிது, கொடுக்குப் பெரிது. மற்றதெல்லாம் சுமார்தான். வாசனை பிடித்து ஆள் தெரிந்துகொள்வது அவன் வேலை. அவன் வரும் அதிர்வு தெரிந்ததுமே இருவரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். அந்தப் போர்வையில் தாய்க் கறையானின் வாசனை. எங்கே கற்றார்களோ!

கொம்பன் மோந்தான். "நம்ம வாசனை. நம்ம ஆளு."

"நம்ம ஆளா? கொக்கி போட்டு இழுக்குறாங்கடா!"

"வாசனை சரியா இருந்தா ஆளும் சரி. என் வேலையை எனக்குச் சொல்லித் தராதே!" போய்விட்டான்.

காத்தாயிக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அன்றைய தூசி பாதிகூட முடியவில்லை. விட்டுவிட்டாள்.

ஒரு மழைக்காலம் போனது. இன்னொன்றும் போனது. இரண்டு நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. ஒவ்வொரு ஜோடியும் கொக்கி போட்டு இழுத்தது. ஒவ்வொரு முறையும் காத்தாயி நாலு உருண்டை கொடுத்தாள். சுவர் நெடுக வரிசையாகத் திட்டு.

கேடு? ஒன்றும் இல்லை. இனிப்பை நக்கினார்கள், கிடந்தார்கள். வேலை நேரத்தில் கதை பேசினார்கள். செம்பியோடு சண்டை போட்டார்கள். ஒரு நாள் காத்தாயி நேராகவே கேட்டாள்.

"உள்ளே போற எண்ணம் ஏதாவது இருக்கா? உண்மையைச் சொல்லுங்கடா."

"உள்ளேயா! எங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றான் மினுக்கன். "உள்ளே விழுந்த எங்க சனம் ஒண்ணுகூடத் திரும்பினதில்ல."

"புத்து இருமணும், நாங்க பறக்கணும், அடுத்த புத்துல ஒட்டணும். அதான் பிழைப்பு," என்றான் முணுக்கன். "வீடு விழுந்தா எலிக்கு மட்டும் பிழைப்பு இருக்கா தாயீ?"

அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தக் கதையில் பொய் சொன்னவர்கள் யாரும் இல்லை, ஒருத்தியைத் தவிர.

கறையானின் முட்டாள்தனம் என்று சிரிக்க வேண்டாம். மனிதனின் மூக்குக்குப் பின்னாலும் இப்படி ஒரு ஈரச்சுவர் இருக்கிறது. அதைப் பெருக்குகிற மயிர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், இதே போல ஜோடி ஜோடியாக, நூல் எறிந்து அங்கே ஒட்டிக்கொள்கின்றன. தொட்ட இடத்தில் சுவரே எழும்பி அவற்றுக்கு அணை கட்டிக் கொடுக்கிறது. வைத்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. சாப்பிடுவார், தூங்குவார், தும்முவார். எப்போதாவது, யாரோ ஒருவருக்கு, ஒரு ஜோடி உள்ளே விழுந்துவிடும். அதற்கு மூளைக்காய்ச்சல் என்று பெயர்.

சரி, கதைக்கு வருவோம்.

அந்த வருடம் காட்டுக்குள் ஆட்கள் வந்தார்கள். கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். பதினான்கு நாள் புகை. புற்று என்ன செய்யும்? மூச்சை இழுத்துத்தானே ஆக வேண்டும்! புகையும் உள்ளே வந்தது. எச்சில் வறண்டது. சுவர் காய்ந்தது. கால்மயிர் விறைத்துப்போய் வளைய மறுத்தது. தள்ளின தூசி பாதி வழியில் நின்றது. செம்பியின் வாய்கூட அடைத்துப்போனது.

"அக்கா, என்னால முடியல."

"என்னாலயும்தான் முடியல. தள்ளு."

பன்னிரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம். காத்தாயி திட்டு வரிசையைத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கால் வெறும் காற்றில் போனது. முதல் முதலாகக் கட்டிய திட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் கால் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. காய்ந்த சுவர், திட்டின் பாரம் தாங்காமல் உள்பக்கமாகப் பெயர்ந்திருக்கிறது.

"மினுக்கா!" என்றாள்.

"உள்ளே விழுந்துட்டாங்களோ?" என்றாள் செம்பி. "கீழே ஆள் அனுப்பித் தேடச் சொல்லலாமா?"

ஆள் அனுப்புவதென்றால் கொம்பனிடம் போக வேண்டும். திட்டு யார் கட்டியது என்று அவன் கேட்பான். பேச்சு வளரும். காத்தாயிக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. பன்னிரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

"ரெண்டே ரெண்டு பேரு. அதுங்களால என்ன ஆகிடப்போகுது? வெடிப்பைக் கண்டா பூசு. அதான் சட்டம்."

"இல்லக்கா, உள்ளே..."

"பூசுன்னா பூசுடி!"

பூசினார்கள். காத்தாயி தலையால் மூன்று தட்டுத் தட்டினாள். வாசல் சுத்தம். அடியாழத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. தூங்கு.

தூங்கினாள்.

வெடிப்புக்குப் பின்னால் இருந்தது தண்ணீர்ப் பாதை. ஊருணி ஈரத்தைத் தாயறைக்குக் கொண்டுபோகிற பாதை அது. சூடு, ஈரம், இனிப்பு எல்லாம் அங்கே உண்டு. பெருக்குகிறவள்தான் இல்லை. விழுந்த இருவரும் பயந்து போர்வையை மூடிக்கொண்டார்கள். காவல்காரர்கள் மோந்தார்கள். நம்ம வாசனை! மிதித்துக்கொண்டே கடந்து போனார்கள். பயம் தெளிந்ததும் விருந்தாளிகள் நக்கினார்கள். இரண்டு நாலாயிற்று. மேலே ஒரு மழைக்காலம் பிடித்த கணக்கு, இங்கே ஒரு நாழிகையில் நடந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில், தண்ணீர் சுமக்கிற ஒருத்தி காற்றுக்குழலுக்கே ஓடிவந்தாள்.

"தாயறை கொதிக்குது! ஆத்தா கழுத்தை அசைக்க முடியலைங்கிறா! சுவர்ல யார் கால் பட்டாலும் தலை பிளக்குதுன்னு கத்துறா!"

காத்தாயி தூசியை அப்படியே விட்டாள். பிறந்ததிலிருந்து இறங்காத வழியில் இறங்கினாள். தாயறை வாசலில் கொம்பன் தவித்துக்கொண்டு நின்றான்.

"எதிரி யாரும் இல்ல! மூணு தடவை மோந்துட்டேன்! எல்லாம் நம்ம வாசனைதான். கொஞ்சம் நெரிசலா இருக்கு, அவ்வளவுதான்!"

காத்தாயி தாயறையின் வெளிச்சுவரில் கால் வைத்தாள்.

சுவர் இழுத்தது. எறி, மாட்டு, இழு.

இரண்டு மழைக்காலம் தொட்ட இழுப்பு. அவள் காலுக்குத் தெரியாதா! வாய் தானாக மண்ணை உருட்டத் தொடங்கியது. காத்தாயி அந்த உருண்டையைத் துப்பினாள்.

"கொம்பா, மோக்காதே. தொட்டுப் பாரு. இழுக்குதா?"

அவன் தொட்டான். "இழுக்குது! யாரு இது?"

"என் விருந்தாளிங்க. நான்தான் திட்டு கட்டிக் குடுத்தேன். நேத்து அது வெடிச்சு உள்ளே விழுந்துச்சு. யாருன்னு பாக்காமப் பூசினதும் நான்தான். சுத்தம்னு தட்டினதும் நான்தான்."

கொம்பன் மறுபடி தொட்டுப் பார்த்தான். பிறகு கொடுக்கைத் தரையில் அடித்தான். "எதிரி! உள்ளே எதிரி! எல்லாரும் வாங்க!"

"எல்லாரும் வேணாம்டா! இடம் சின்னது!"

யார் கேட்டார்கள்? முந்நூறு காவல்காரர்கள் மூன்று சுவருக்கு இடையில் பாய்ந்தார்கள். கடித்தார்கள், எரிநீர் பீய்ச்சினார்கள். பூச்சி செத்தது உண்மை. ஆனால் நெரிசலில் சுவர் உள்பக்கம் உப்பியது. எரிநீர் தாய்மேலும் வழிந்தது. தாய்க்கு வந்த கேட்டில் விருந்தாளி செய்தது பாதி, காப்பாற்ற வந்தவன் செய்தது பாதி. தாய் அலறினாள்.

கறையான்கள் தீனிக்குக் காளான் வளர்க்கிற தோட்டத்துக்குக் காத்தாயி ஓடினாள். கறையான் தோட்டத்தில் ஒரு பச்சைப் பூசணம் உண்டு. அதன் சாறு பட்டால் இந்த மாதிரிப் பூச்சி சாகும். தோட்டக்காரிகளுக்கு அது தெரியும்.

"எவ்வளவு வேணும்?"

"இருக்கிறதெல்லாம்."

"எதுக்குன்னு சொல்லு, அப்புறம்..."

"ஆத்தா சாகக் கிடக்குறா! நின்னு பேசுறியே!"

வாய் நிறையக் கசப்பு. காத்தாயி, செம்பி, பின்னால் தோட்டக்காரிகள். கொம்பனை முட்டித் தள்ளி அவன் ஆட்களை வெளியே இழுத்தார்கள். மூன்று சுவரிலும் பச்சையைப் பூசினார்கள். பூசிய இடமெல்லாம் கொக்கி கழன்றது. கடைசிச் சுவரின் மூலையில் ஒரு ஜோடி இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

"தாயீ! நாங்க வரணும்னு வரல!" மினுக்கனின் குரல் மாதிரி இருந்தது.

"தெரியும்."

"விழுந்தோம். இடம் இருந்துச்சு. பெருகிட்டோம்."

"தெரியும்டா. வாயை மூடு."

பூசினாள்.

பொழுது சாய்வதற்குள் தாயின் சூடு இறங்கியது. ஒரு நாழிகை தாமதமாகியிருந்தால் இறங்கியிருக்காது என்று தோட்டக்காரிகள் சொன்னார்கள். தாய் பிழைத்தாள். மறுநாளே முட்டையிட்டாள். புற்று நின்றது.

அதோடு விடவில்லை. காத்தாயி மேலே வந்து திட்டு வரிசை முழுவதையும் இடித்தாள். காற்றுக்குழல் நெடுகப் பச்சைச் சாறு பூசினாள். யாரோடு யார் ஒட்டி உரசி வேலை செய்தார்களோ, அத்தனை பேர் வாயிலும் ஒரு சொட்டு. செம்பி முகம் சுளித்தாள். "கசக்குதுக்கா!" "முழுங்கு!" பூச்சு வேலைக்காரர்களின் சட்டத்தையும் மாற்றினார்கள். 'சுவர் இழுத்தால் மண் கொடு' என்பது போயிற்று. 'சுவர் இழுத்தால் யாரென்று கேள்' என்றாயிற்று. கொம்பன் மட்டும் இன்னும் மோந்துகொண்டுதான் திரிகிறான்.

கரிமூட்டம் அணைந்தது. சுவரில் மறுபடி ஈரம் வந்தது. கால்மயிர் வளைந்தது. அன்று சாயங்காலம் குழலில் ஒரு தூசி இல்லை. இத்தனை சுத்தமாக அது இருந்ததே இல்லை.

காத்தாயி தலையால் மூன்று தட்டுத் தட்டினாள்.

காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினாள். அப்போதும் வரவில்லை.

தண்ணீர் சுமக்கிறவள் கீழிருந்து வந்தாள். "விடு காத்தாயி. ஆத்தாவுக்கு எல்லாம் சரியாப் போச்சு. காது மட்டும் போயிடுச்சு. காய்ச்சல்ல போனது திரும்பாதாம்."

செம்பி பக்கத்தில் வந்து நின்றாள். மெல்லச் சொன்னாள்: "அக்கா, நான் தட்டட்டுமா? ஒரு தட்டு?"

"வேணாம்டி. நீ தூங்கு."

செம்பி தூங்கினாள். காத்தாயி சுத்தமான சுவரை மறுபடி மேலிருந்து பெருக்கத் தொடங்கினாள். வேறென்ன செய்வாள்? தூங்கு என்று சொல்ல ஆள் இல்லை.

இத்தனை நாள் தொல்லை தரவில்லை என்பதற்காக வாசலில் ஒட்டியதை வளர்க்காதே. அதற்கும் உன் தாய்க்கும் நடுவே இருப்பது ஒரு காய்ந்த சுவர்தான்.